கணவாய்க்கு வாய் எங்கே

ஏழாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தச் சான்றிதழை இன்றுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை.

கடல் உயிர்கள் எப்படி இரை பிடிக்கின்றன என்பது என் தலைப்பு. அட்டையில் கணவாய் வரைந்து, பத்துக் கைகளையும் ஒரே அளவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பில் தாராவியில் எங்கள் சந்தே எட்டிப் பார்த்தது. துறைமுகத்துக் கொட்டகையில் தினமும் கூடை கூடையாகக் கணவாய் சுத்தம் பண்ணுகிறவள் அவள். மறுநாள் முழுசாக ஒன்றை டப்பாவில் கொண்டுவந்து தரையில் விரித்தாள்.

"இந்த ரெண்டு மட்டும் நீளமா இருக்கு பாத்தியாட்டி? இதான் சட்டுனு பாஞ்சு இறாலைப் புடிக்கும். மத்த எட்டும் நழுவ விடாம அமுக்கி வாய்க்குக் கொண்டு போவும். வாய் எங்கன்னு சொல்லு பாப்போம்?"

நான் கண்ணுக்குக் கீழே தேடினேன். கைகளை விரித்து நடுவில் அமுக்கினாள். கிளி மூக்கு மாதிரி கறுப்பாக ஒன்று பிதுங்கி வந்தது. அதுதான் இரையைக் கடித்துத் துண்டாக்குமாம். என் விரலைப் பிடித்து, கைகளில் இருந்த உறிஞ்சும் வட்டங்களைத் தடவச் சொன்னாள். சொரசொரவென்று இருந்தது.

கண்காட்சியன்று லீவு போட்டு, கையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டு வந்தாள். அப்படியும் வாடை போகவில்லை. என்னை 'மச்சிவாலி', மீன்காரி என்று கிண்டல் பண்ணுகிற நாலு பேரும் எதிரிலேயே நின்றார்கள். அவள் சொன்னதையெல்லாம் நான் ஒன்று விடாமல் இங்கிலீஷில் ஒப்பித்தேன். மிஸ் அசந்துபோனார். இதெல்லாம் நம் புத்தகத்திலேயே இல்லையே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"யூடியூப், மிஸ்" என்றேன்.

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். இங்கிலீஷ் தெரியாதவள், ஒன்றும் விளங்கியிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சீ, என்ன பிள்ளை நான்!

சாயங்காலம் குழாயடியில் என்னோடு நின்ற அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டாள். அவள் மகளும் என் வகுப்புதான், பக்கத்திலேயே நின்றாள்.

"பரிசு வாங்கிட்டாளாமே! நீதான சொல்லிக்குடுத்த?"

"நான் என்னத்தக் கண்டேன்? எல்லாம் அவளே யூடியூப்புல பாத்துப் படிச்சது" என்றாள் அம்மா, குடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அப்பாடா, மாட்டிக்கொள்ளவில்லை என்று இருந்தது எனக்கு. அன்று தப்பித்தது என் சாமர்த்தியத்தால் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.