எடுத்துவிடக்கூடிய சுவர்கள்

கட்டட வடிவமைப்பாளர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் இன்ஜினீயரம்மா. குழாய் ஒழுகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிடிவாதக்காரி. கட்டடம் என்றால் நூறு வருஷம் நிற்க வேண்டும், அதுவும் ஒரே வேலைக்காக நிற்கக் கூடாது என்பது அவள் கட்சி. இன்றைக்கு வீடு, நாளைக்கு ஆபீஸ், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி என்று எதற்கும் வளைந்து கொடுக்க வேண்டும். பாரத்தைத் தூண்கள் பார்த்துக்கொள்ளும். நடுச்சுவர்களை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.

கடைத்தெருவில் அப்படி ஒரு ஐந்து மாடி கட்டினாள். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ், மேலே வீடுகள். கட்டட முதலாளியை இதற்கு மசிய வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நான்காவது மாடியில் ஒரு வீட்டில் தன் அக்காவையே வாடகைக்குக் குடிவைத்தாள். கணவர் இறந்த பிறகு அக்காவுக்குக் கீழே இருந்த துணிக்கடையில்தான் தையல் வேலை. மேலே படுத்த படுக்கையாக மாமியார். மணிக்கொரு தரம் அக்கா லிஃப்டில் ஏறி வந்து புரட்டிப் படுக்க வைத்துவிட்டு இறங்குவாள். வேறு எந்த வீட்டில் இருந்தாலும் இது நடக்காது.

ஒரு நாள் முதலாளி வந்தார்.

"நாலாவது மாடி முழுக்க ஒரு கம்பெனி கேக்குறாங்கம்மா. சுவரெல்லாம் எடுத்துட்டு ஒரே ஹாலா வேணுமாம். அன்னைக்கு நீங்க சொன்னப்போ நான் நம்பல. உங்க புண்ணியத்துல சீக்கிரமே வேலை முடிஞ்சிரும்."

அக்கா குடியிருப்பது அந்த மாடியில்தான். அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பொய் ஒன்று உண்டு. இடிக்கப் பிடிக்காத இடத்தில், அது பாரம் தாங்குகிற சுவர் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். முக்கால்வாசிப் பேர் அதற்குமேல் வாய் திறக்க மாட்டார்கள்.

"நடுச்சுவர் ஒண்ணு பாரம் தாங்குது சார். அதைத் தொட முடியாது."

முதலாளி சிரித்தார். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. "ஒரு சுவர்கூட பாரம் தாங்கலன்னு நீங்கதானேம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டீங்க? இஷ்டமில்லன்னா சொல்லுங்க, வேற ஆளை வெச்சுக்கிறேன்."

வேறு ஆள் வந்தால் தூணிலேயே கை வைத்தாலும் வைப்பான். அவள் தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் அளவெடுக்கும் டேப்போடு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மாமியாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேற மாடி எதுவும் காலியா இல்லையாடி?" என்றாள்.

"விசாரிச்சுட்டேன்க்கா. இல்ல."

"எவ்வளவோ யோசிச்சுக் கட்டுன. ஒரு சுவரையாவது எடுக்க முடியாதபடி கட்டியிருக்கக் கூடாதா?"

அவள் டேப்பை இழுத்தாள். அறை நீளம், ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.