எட்டரை மணிக்கு வந்த பெண்கள்

1986 கோடையில் திண்டுக்கல்லில் எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. அஞ்சல் வழியில் படித்த பணியாளர் மேலாண்மை முதுநிலைப் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.
2. ஆய்வறிக்கையில் ஆலை மேலாளரின் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் கிடையாது என்றார்கள்.
3. மேலாளர் சிரித்தார்.

நான் நூற்புத் தொழில்நுட்பம் படித்தவள். வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நூலைச் சோதிக்கிற பெண்ணுக்கு ஆட்களைப் பற்றிய படிப்பு எதற்கு என்றுதான் அந்தச் சிரிப்பு. ஆனாலும் ஒரு வழி சொன்னார். நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவில், நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் கோடை வந்தால் பாதி நாள் வருவதில்லை.

"எல்லாம் சோம்பேறிகம்மா. இவுகள ஒழுங்கா வர வச்சுக் காட்டு, கையெழுத்துப் போடுறேன்."

அலுவலர் வேனை விட்டுவிட்டுத் தொழிலாளர் பஸ்ஸில் ஏறினேன். முதலில் யாரும் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு அக்கா நேராகவே கேட்டார்.

"என்ன தாயி, எங்கள உளவு பாக்க அனுப்புனாகளா?"

"இல்லக்கா, நான் பாஸாகணும். அதுக்குத்தான் அலையிறேன்."

பஸ்ஸே சிரித்தது. அப்புறம் அவரே சொன்னார். "மல்லிகை சீசன்ல விடியறதுக்கு முந்தியே மொட்டுப் பறிக்கணும். வெயில் ஏறி விரிஞ்சுபோச்சுன்னா எவன் வாங்குவான்? பறிச்சு முடிக்கையில பஸ்ஸு போயிருதே!"

மேலாளரிடம் போய் என் யோசனையைச் சொன்னேன். ஏழு மணி ஷிப்டுக்கு வர முடியாதவர்கள், எட்டரைக்கு வரலாம். சிட்டம் சுற்றும் இயந்திரங்கள் தனித்தனியானவை. ஒன்று தாமதமாக ஓடினால் மற்றது நிற்காது. நிலக்கோட்டைப் பக்கமாக வந்து எட்டரைக்கு ஆலை சேரும் அலுவலர் வேனோ பாதி காலியாகத்தான் ஓடியது; அதிலேயே அவர்களை ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். ஆனால் அதில் தொழிலாளி ஏறியதே இல்லை. எழுதிவைத்த சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம் அவ்வளவுதான்.

மேலாளர் யோசித்தார். "ஒரு மாசம் பாப்போம். சரிவரலேன்னா அப்புறம் கையெழுத்துன்னு வந்து நிக்கக் கூடாது."

மறு திங்கட்கிழமை, சேலைக் கரை பனியில் நனைந்திருக்க அந்தப் பெண்கள் வேனில் ஏறினார்கள். கணக்குப் பிரிவு அலுவலர் முகத்தைச் சுளித்தார்.

"இனிமே ஆடு மாட்டையும் ஏத்துவாகளோ?"

அந்த அக்கா அவர் பக்கத்திலேயே போய் நின்றார். "ஆமா சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. முட்டிப்புடும்!"

ஓட்டுநர் சிரித்ததில் வண்டியே குலுங்கியது. கணக்குப் பிரிவு அலுவலர் தள்ளி உட்கார்ந்தார். நான் மட்டும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். புகார் போனால் என் பட்டமும் போய்விடும்.

புகார் போனது. ஆனால் மேலாளர் இயந்திரங்களைப் பார்க்கப் போனார். கோடை உச்சத்தில் சும்மா நின்ற இயந்திரம் ஒன்றுகூட இல்லை. மாதம் முடியும் முன்பே என்னைக் கூப்பிட்டனுப்பினார். "கொண்டாம்மா அந்த அறிக்கைய" என்று பேனாவைத் திறந்தார். இந்த முறை சிரித்தது நான்.

முதல் வகுப்பில் தேறினேன். இப்போது அதே ஆலையில் பணியாளர் அலுவலராக இருக்கிறேன். ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பதற்கு முன், அந்த நேரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறேன்.