ஆன்ஃப்ளூர் தேவாலய வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு

சுற்றுலாக் கூட்டத்தோடு போகிற சமையல்காரன் ஊரைப் பார்ப்பதில்லை. ஊரைப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பி வருகிறவர்களைத்தான் பார்க்கிறான். யாருடைய பையையாவது பிடித்துக்கொண்டு வெளியே நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். துணிக்கடையில் மனைவியின் கைப்பையோ, ஏர்போர்ட்டில் மருமகளின் ஸ்ட்ரோலரோ, எதுவானாலும் சரி, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் படிக்க வேண்டாம். அவர்களிடம் போட்டோ இருக்கிறது.

நான் எட்டாவதோடு நின்றவன். நியூ ஜெர்சியில் ஒரு ஓட்டலின் அடுப்படியில் இருபது வருஷம் வேலை பார்த்தேன். அங்கே கல்லாவில் இருந்த சுந்தரம், பிறகு தனியாக டூர் நடத்த ஆரம்பித்தான். பிளெய்ன்ஸ்பரோ, பிரிட்ஜ்வாட்டர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், பிரான்ஸின் வடக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போவான். பழைய துறைமுக ஊர்கள், கோட்டைகள், தேவாலயங்கள். மூன்று வேளையும் நம் சாப்பாடு என்று விளம்பரத்தில் போட்டுவிட்டதால் என்னைத் தேடி வந்தான். என் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், கார் இன்ஜினைக்கூட நிறுத்தாமல், கண்ணாடியை இறக்கிச் சொன்னான்: "வாங்கண்ணே. சமைக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் நீங்களும் சுத்திப் பாக்கலாம்."

இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவன் மறந்துவிட்டான்.

முதல் செருப்பு

முதல் பயணத்தில் முதல் ஊர் ஆன்ஃப்ளூர். சின்னத் துறைமுகம். தண்ணீரைச் சுற்றி ஒல்லி ஒல்லியாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மாதிரி உயரமான வீடுகள். கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு தேவாலயம். முழுக்க மரம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் கட்டுகிற தச்சர்கள் கட்டியதாம். கூரையைக் கப்பல் மாதிரியே கட்டி, கவிழ்த்து வைத்துவிட்டார்கள் என்று சுந்தரம் பஸ்ஸில் மைக்கில் சொன்னான். கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வேறு எந்த ஊரையும் பார்க்க நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

வாசலில் சரோஜா மாமி நின்றுவிட்டார். பிளெய்ன்ஸ்பரோவில் மகன் வீட்டில் இருப்பவர். அந்த வருஷம் கணவரோடு வந்திருந்தார். "எந்த சாமியா இருந்தா என்ன, செருப்போட எப்படி உள்ள போறது?" என்று கழற்றினார். அவர் கழற்றியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். ஐந்து நிமிஷத்தில் வாசல் கல்லில் நாற்பது ஜோடி. நானும் என்னுடையதைக் கழற்றினேன். அப்போது யாரோ, "புது ஸ்கெச்சர்ஸ்ங்க, யாராவது தூக்கிட்டுப் போய்ட்டா?" என்று கேட்க, நாற்பது பேரும் தயங்கினார்கள். சுந்தரம் கூட்டத்துக்குள் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

"அண்ணே, நீங்க இருக்கீங்கல்ல!"

விலை கேட்டவர்

அது வழக்கமாகிவிட்டது. அடுத்தடுத்த வருஷம் வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "செருப்பு பாக்கற அங்கிள் எங்கே?" என்று கேட்கிற அளவுக்கு. முன்னால் வந்தவர்கள் நியூ ஜெர்சியில் போய்ச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தியெப் என்ற ஊரில் பெரிய கல் தேவாலயம். உப்புக் காற்றில் சுவர் அரித்து, வாசலில் இருக்கும் சிலைகளுக்கு மூக்கு இல்லை. நான் செருப்புகளை ஆண், பெண் என்று பிரித்து வரிசையாக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நாயோடு வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு பழுப்பு நிற ஷூவைக் கையில் எடுத்து, திருப்பி, அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்து என்னமோ கேட்டார். விரலைத் தேய்த்துக் காட்டியபோதுதான் விலை கேட்கிறார் என்று புரிந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். பேரம் பேசுகிறேன் என்று நினைத்து, உட்கார்ந்து போட்டே பார்த்துவிட்டார். நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அன்றைக்கு என்னோடு உட்கார்ந்தது அந்த நாய் ஒன்றுதான். கிழவர் போக மனசில்லாமல் போனார். ஷூவுக்குச் சொந்தக்காரரான இளைஞர் வெளியே வந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

"குடுத்திருக்கலாமே அங்கிள், எனக்கே அது கடிக்குது."

தாளிப்பு

பழைய கட்டடம் எதற்குள்ளும் நான் போனதே இல்லை என்று சொல்லக்கூடாது. சான் மாலோ என்ற கோட்டை ஊருக்குப் போகிற வழியில் ஒரு விடுதியில் தங்குவோம். மரச்சட்டமும் மண்ணும் வைத்துக் கட்டிய நானூறு வருஷத்து வீடு. மாடிப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். அறையில் சமைக்கக்கூடாது. சுந்தரம், "சாதம் மட்டும் குக்கர்ல வைங்க, யாருக்கும் தெரியாது" என்றான்.

சாதம் யாருக்கும் தெரியவில்லை. எலுமிச்சை சாதத்துக்குக் கடுகு, மிளகாய் தாளித்தேன். நானூறு வருஷத்தில் அந்த வீடு கேட்காத சத்தத்தில் அலாரம் அடித்தது. காலை ஆறரைக்குத் தெருவில் நைட்டியும் ஸ்வெட்டருமாக நாற்பது பேர். விடுதிக்கார அம்மாள் வீட்டின் சுவரைத் தடவித் தடவி அழுதாள். அந்தச் சுவரை அவள் தொட்ட விதத்தைப் பார்த்து எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. சுந்தரம் அவளிடம் என்னைக் கைகாட்டி, "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று இங்கிலீஷில் சொன்னான். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. கூட்டத்திலிருந்து பிரிட்ஜ்வாட்டர் டாக்டர் ஒருவர் என் தோளில் தட்டினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று திரும்பினேன்.

"வாசனை வந்துடுச்சே, அப்போ எறக்கியாச்சா?"

கூரை எப்படி இருக்கிறது?

உள்ளே போக முடியாதவன் என்ன செய்வான்? வருகிறவர்களைக் கேட்பான். ஆன்ஃப்ளூர் வாசலில் செருப்பு மாட்டுகிறவர்களிடம், "கூரை எப்படி?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். "மரம் அங்கிள், சூப்பர்" என்றார் ஒருவர். ஒரு சிவில் இன்ஜினியர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கூரை என்றும், தூண்களுக்கு நடுவில் எத்தனை அடி என்றும் சொன்னார். ஒரு பெண், "எங்க பேஸ்மென்ட் சீலிங்கை இப்படிப் பண்ணணும்" என்றாள். நானாக ஒன்றைக் கற்பித்துக்கொண்டேன். கழுவிக் கவிழ்த்த இரண்டு பெரிய உருளிகள், பக்கத்தில் பக்கத்தில். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நானே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். அரை மணி நேரம் யாரையாவது செருப்புக்கு நிற்கச் சொல்லியிருக்கலாம். ஆனால், "நீங்க போய்ட்டு வாங்க, நான் நிக்கறேன்" என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், தானாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லாதவர்களின் முகம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மளிகைக் கடையில் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். நான்காவது வருஷம், ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கொஞ்சம் விவரமாகச் சொல்லும்மா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே யோசித்தாள்.

"சொன்னா புரியாது அங்கிள், பாக்கணும்."

யாழ்ப்பாணத்துப் பல் டாக்டர்

ஐந்தாவது பயணத்தில் ஒரு நல்ல மனிதர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர், பல் டாக்டர். வாசலில் எல்லோரும் குனிந்து கழற்றுவதைப் பார்த்துச் சிரித்தார். "ஐயோ, இஞ்ச சப்பாத்தோட போகலாம்! நான் கலியாணம் கட்டினதே சேர்ச்சுக்குள்ள சப்பாத்தோடதான்" என்று தன் ஷூவைக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கழற்றவில்லை என்றால் காவல் வேண்டாம். காவல் வேண்டாம் என்றால் நானும் உள்ளே!

நாற்பது பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மரியாதையாகக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். டாக்டர் தனியாக வாசலில் நின்று, அந்த வரிசையையும் தன் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கல்லில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு லேஸை அவிழ்த்தார்.

"எல்லாரும் கழட்டியிட்டினம், நான் மட்டும் எப்பிடி அண்ணை?"

பேத்தி

டெக்சாஸில் இர்விங்கில் என் மகள் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். பேத்தி கொஞ்ச நேரம் எட்டிப் பார்ப்பாள். எட்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். எங்களுக்குள் அது நன்றாகத்தான் ஓடுகிறது. "தாத்தா பிரான்ஸ் போய்ட்டு வந்திருக்கேன்" என்று என்னிடம் இருந்த படங்களை அனுப்பினேன். மற்றவர்களின் போனில் அவர்களை நான் எடுத்த படங்கள் நூறு இருக்கும். என் போனில் இருந்தவை, எண்ணிக்கை தவறக்கூடாது என்று ஒவ்வொரு வாசலிலும் எடுத்து வைத்தவை. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"தாத்தா, யூ வென்ட் டு அ ஷூ ஸ்டோர்?"

ஏழாவது தடவை

முதல் பயணம் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நடுவில் கொரோனா மூன்று வருஷத்தைத் தின்றது. இந்த மே மாதம் ஏழாவது பயணம். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இதுதான் கடைசி என்று சுந்தரத்திடம் சொல்லிவிட்டேன். "சரிண்ணே, வேற ஆள் பாக்கறேன்" என்றான். அவ்வளவுதான்.

நூவர்க் ஏர்போர்ட்டில் சரோஜா மாமி கைத்தடியோடு நின்றிருந்தார். கணவர் இப்போது இல்லை. இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்த ஆள் என்று ஒன்பது வருஷமாக அவர் மேலும் எனக்குக் கோபம். ஆன்ஃப்ளூர் வாசலில் எல்லோரும் உள்ளே போன பிறகும் மாமி போகவில்லை. கால் வீக்கத்துக்கு இறுக்கமான உறையும் அதற்கு மேல் கட்டு ஷூவும். கழற்றினால் மறுபடி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். போட்டுக்கொண்டு போக மனசு வரவில்லை. என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தார்.

"நான்தான் இங்க உக்காந்திருக்கேனே. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கோ."

ஒன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பரவாயில்ல மாமி." கோபம் அதுவாகவே பேசிவிட்டது. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டாம் தரம் கூப்பிட மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு."

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தலையை நிமிர்த்தினேன். உருளி இல்லை. கப்பல்தான். இரண்டு கப்பல்கள், அடிப்பக்கம் மேலாக. விலா எலும்பு மாதிரி மரங்கள் வளைந்து வளைந்து போய் உச்சியில் சேர்கின்றன. தூண்கள் ரம்பத்தில் அறுத்தவை இல்லை. கோடாலி பட்ட தழும்பு அப்படியே இருக்கிறது. கீழே நாம் நிற்பது கடலுக்கு மேலா அடியிலா என்று தெரியவில்லை. காலுறை வழியாகத் தரை சில்லென்றது. "பாத்தியா!" என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் திரும்பினேன். யாரும் இல்லை. தூரத்திலிருந்து சுந்தரம் என்னைப் பார்த்துவிட்டான். ஒரு வினாடி அவனும் அதைத்தான் சொல்லப்போகிறான் என்று நம்பினேன். அவன் முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தான்.

"அண்ணே! வெளிய செருப்ப யாரு பாத்துக்கறா?"

வெளியே வந்தேன். மாமி கைத்தடியைச் செருப்பு வரிசைக்குக் குறுக்கே நீட்டி வைத்துக்கொண்டு காவலிருந்தார். என் ஷூவை மட்டும் தனியாக எடுத்துத் தன் பக்கத்தில் வைத்திருந்தார். கூரை எப்படி என்று கேட்டார். நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்களே என்றேன்.

"அன்னிக்கு அவர் பக்கத்துல நின்னு பேசிண்டே இருந்தார், நான் அவரைத்தான் பாத்துண்டிருந்தேன். கூரைய நீங்க சொல்லுங்கோ."

உட்கார்ந்து, முதல் தூணிலிருந்து சொன்னேன், கோடாலித் தழும்பு வரை, பஸ் ஹாரன் அடிக்கிற வரை.

ஒன்பது வருஷம் யாராவது கூப்பிட வேண்டும் என்று நான் உட்கார்ந்திருந்த அந்த வாசலில் கதவு திறந்துதான் கிடந்தது என்பது எனக்கு இப்போது புரிகிறது, இருந்தாலும் சுந்தரத்தோடு நான் இன்னும் பேசவில்லை.