பிப்ரவரி முப்பது

அலுவலகத்தில் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். மேலாளர் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் சாவியக்காதான். தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால் எந்நேரமும் குளிர்ந்து கிடக்கும் ஓர் அறை உண்டு. அதன் சாவி இருபத்திரண்டு வருடமாக அவளுடைய கைப்பையில் இருந்தது. அறைக்குள் நான்கு கறுப்பு அலமாரிகள், அலமாரிகளுக்குள் கணினிகள், கணினிகளுக்குள் கம்பெனியின் மொத்தத் தரவுத்தளம். முப்பத்தாறாயிரம் லிஃப்ட்டுகளின் ஜாதகம் அது. எந்த லிஃப்ட் எந்தக் கட்டடத்தில் ஓடுகிறது, எப்போது பொருத்தியது, கயிறு மாற்றியது என்றைக்கு, கடைசியாகப் பார்த்தது யார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும், எல்லாம் அதற்குள்தான். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனிக்கு அதைவிடப் பெரிய சொத்து ஏது?

பட்டம் கிட்டம் எதுவும் அவளிடம் இல்லை. மெக்கானிக்குகள் எழுதிவைத்த அட்டைகளைப் பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்யும் வேலைக்குத்தான் வந்தாள். பேச்சு குறைவு, கண் மட்டும் ஓயாது. கணினி படுத்துக்கொண்ட நாட்களில் வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து எழுப்பிவிட்டுப் போவார். அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை பார்த்தாள். நான்காவது தடவை அவர் வருவதற்குள் அவளே எழுப்பிவிட்டாள். வந்தவர் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கைக்கு வந்த சாவிதான்.

சாவியோடு ஒரு கயிறும் வந்தது. அறைக்கும் அவளுக்கும் நடுவே நாற்பது நிமிடத் தூரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கணினி எப்போது மூர்ச்சை போடும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் வாழ்த்திவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புவாள். சினிமாவில் ஓர இருக்கைதான். உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் பையைத் தோளிலிருந்து இறக்கமாட்டாள். “அண்ணி விருந்துக்கு வந்தாங்களா, மீட்டர் பாக்க வந்தாங்களான்னே தெரியலை” என்று நாத்தனார் எல்லோர் முன்னாலும் சொல்வாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், பையை இறக்காமலே.

தங்கை இருப்பது ரயிலில் இரண்டு பகல் தூரம். வீடு கட்டிப் பதினொரு வருடம் ஆகியும் அக்கா அந்த வாசலை மிதித்ததில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் மேலாளர் எல்லோரையும் கூட்டி, தரவுத்தளம் மொத்தத்தையும் கிளவுடுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். இனி சொந்தக் கணினி வேண்டாம், எங்கோ பெரிய பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை வைத்திருக்கிறவர்களிடம் வாடகைக்கு இடம் பிடிக்கிறோம், எழுப்புவதும் துடைப்பதும் காவல் காப்பதும் அவர்கள் பாடு. மழை பெய்தால் மேகத்திலிருந்து டேட்டா ஒழுகாதா என்ற ஜோக்கை அந்த மாதம் மட்டும் முப்பது பேர் சொன்னார்கள். மிச்சமிருந்தவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவளிடம் வந்தார்கள். “உங்க ரூம் போகுதாமே, அக்கா... மனசைத் தேத்திக்கங்க.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தாள். அறை போனால் கயிறும் போகும் என்பது ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை?

தோன்றியது அவள் கணவருக்கு மட்டும். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். விடுமுறை நாளில்கூட எதிரே வருகிற வண்டிக்குக் காலால் தரையை மிதித்து பிரேக் போடுகிற மனிதர். மாற்றம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை ஏழு பத்து ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

“பத்து நாள். வண்டியை யாரோ ஓட்டட்டும், நான் ஜன்னல் ஓரமா உக்காந்து வாழைப்பழம் சாப்பிடணும்.”

“ஏங்க, ஞாயித்துக்கிழமை சரியா முடியலைன்னா?”

“முடியும்.”

“முடியலைன்னா மறுபடி மூணு மாசம் கழிச்சுத்தான் நாள் குறிப்பாங்க. அதுவரைக்கும் நான் ரூமைவிட்டு நகர முடியாது.”

“அப்போ வாழைப்பழத்தை மட்டும் சாப்பிட்டுக்கறேன்.”

தங்கை போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “வந்து இறங்கு, அப்புறம் நம்பறேன்.”

மாற்றும் வேலைக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். நாற்பது வயது, வழுக்கை, எதைக் கேட்டாலும் சதவீதத்தில்தான் பதில். மதியச் சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு “எண்பத்தஞ்சு” என்றார். இரண்டாம் நாளே அவருக்குச் சதவீதம் என்று பெயர் விழுந்துவிட்டது. நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஒத்திகைக்குக் கடைசிப் பத்து வருடப் பதிவுகளை ஏற்றிப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. பிறகு மூன்று வாரமாகப் பழைய பதிவுகள் ஒவ்வொரு கட்டாக நகர்ந்துகொண்டிருந்தன.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பழைய கணினியை நிறுத்தினார்கள். லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டு போன் செய்தால் காகிதத்தில் குறித்துக்கொள்ள இரண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது மாடிக் கூட்ட அறையில் மேலாளர், சதவீதம், சாவியக்கா மூவரும். மேலாளருக்குப் பதற்றம் வந்தால் பேனா மூடியைக் கடிப்பார். பத்து மணிக்குள் இரண்டு மூடி போயிருந்தது. நான்கு மணிக்கு முடிவு சொல்ல வேண்டும். கணக்கு சரியாக வந்தால் புதியது ஓடும். இல்லாவிட்டால் பழையதை எழுப்பவேண்டியதுதான்.

பதினொன்றரைக்குச் சதவீதம் கையைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நாலு கோடி பதிவு, மேடம். தொண்ணூத்தொம்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது. இந்த மாதிரி சுத்தமா நான் பாத்ததே இல்லை.”

மேலாளர் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். “மிச்சம்?”

“நானூத்திப் பதிமூணு பதிவை புதுசு ஏத்துக்கலை. எல்லாம் அரதப் பழசு. ஒரு பக்கமா எடுத்து வெச்சுட்டு அப்புறம் நிதானமா பாத்துக்கலாம்.”

கதவோரமாக உட்கார்வது அவள் வழக்கம். அங்கிருந்தே தன் திரையில் அந்த நானூற்றுப் பதின்மூன்றைத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் பொருத்திய தேதி என்ற இடத்தைப் பார்த்தாள். பிப்ரவரி முப்பது. அடுத்தது, பிப்ரவரி முப்பது. அதற்கடுத்ததும். அந்தத் தேதியைக் கண்டுபிடித்ததே அவள்தான்.

அட்டைகளைத் தட்டச்சு செய்த காலம். சில அட்டைகளில் பொருத்திய தேதி இருக்காது, சிலவற்றில் எண்ணெய் பட்டு அழிந்திருக்கும். தேதி போடாமல் விட்டால் கணினி அடுத்த அட்டைக்குப் போகாது. உடனிருந்த பெண்கள் வாய்க்கு வந்த தேதியைப் போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் பிறந்தநாளையே போட்டுக்கொண்டு போனாள். சாவியக்காதான் மெல்லச் சொன்னாள்: “பொய்த் தேதி போடாதீங்கடி, நாளைக்கு எவனாவது நம்பிடுவான். பிப்ரவரி முப்பதுன்னு போடுங்க. அதை யாரும் நம்பமாட்டாங்க.” பழைய கணினிக்குத் தேதி என்பது வெறும் எழுத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டது. பிறகு சோதனைப் பட்டியல் எடுக்கும் நிரலை அவளே எழுதியபோது, வயது தெரியாத லிஃப்ட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று, பிப்ரவரி முப்பதுக்காரர்கள் மாதாமாதம் பட்டியலின் தலையில் வருகிறபடி செய்துவைத்தாள். எல்லாம் ஒழுங்காக ஓடியது, ஓடியதால் மறந்தும்போனாள்.

புதிய தரவுத்தளம் நாட்காட்டி படித்தது. அப்படி ஒரு நாளே கிடையாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

மேலாளர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தன் பக்கம் இழுத்தார். அவளுக்கு டிக்கெட் ஞாபகம் வந்தது. ஏழு பத்து. வாயைத் திறக்காவிட்டால் நாளை இந்நேரம் ரயிலில் இருக்கலாம். ஆனால் சோதனைப் பட்டியல் விடியற்காலையில் வெளிவரும், அதில் இந்த நானூற்றுப் பதின்மூன்று லிஃப்ட்டும் இருக்காது. உள்ளதிலேயே கிழடான லிஃப்ட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் யாராவது மளிகைப் பையோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

எழுந்தாள். நாற்காலி கீச்சென்று கத்தியதில் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“கையெழுத்துப் போடாதீங்க, மேடம். அது என் தப்பு.”

சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. மேலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தால், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பிப்ரவரி முப்பது! இருபது வருஷத்துக்கு மேலயா!”

“ஒரு நாணயமான பொய்” என்றார் சதவீதம். அவர் சிரிக்கவில்லை, வியந்துபோயிருந்தார். “எத்தனையோ கம்பெனி பாத்திருக்கேன்க்கா. ஜனவரி ஒண்ணுன்னு போட்டுத் தொலைச்சிருப்பாங்க. எது நிஜம் எது பொய்னு சாமி வந்தாலும் பிரிக்க முடியாது. நீங்க அடையாளம் வெச்சிருக்கீங்க. சொல்லுங்க, என்ன பண்ணலாம்?”

வழி அவளிடம் இருந்தது. தேதியைக் காலியாக விடுவது, பக்கத்தில் ‘தேதி தெரியாது’ என்று புதிதாக ஒரு கட்டம் போடுவது, அந்தக் கட்டம் நிரம்பியவை பட்டியலின் தலைக்கு வருவது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து, பழைய பட்டியலோடு வரிக்கு வரி ஒத்துப்பார்க்க மணி மூன்று ஆகிவிட்டது. லிஃப்ட்டுகளை முகம் பார்த்தே சொல்லிவிடுகிற தலைமை மெக்கானிக்கையும் மேலாளர் வீட்டிலிருந்து வரவழைத்திருந்தார். அவர் ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட்டில் வந்து இறங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைத் தடவித் தடவிப் படித்தார். “இவன் இருக்கான்... இவன் இருக்கான்... அட, இந்தக் கிழவன் இன்னும் ஓடறானா!”

சதவீதம் மறுபடி எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு ஏறியிருந்தது. ஒன்று மட்டும் வெளியே நின்றது.

“ஒண்ணுதானே...” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மணி மூன்று இருபது.

அவள் அந்த ஒன்றைத் திறந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“பிப்ரவரி முப்பத்தொண்ணு.”

“எந்தப் புண்ணியவான் ஒரு நாள் கூட்டிக் குடுத்தது?” என்றார் மேலாளர்.

தலைமை மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அண்ணே?” என்றாள் அவள்.

“நான்தான் தங்கச்சி, அட்டையில எழுதிக் குடுத்தேன். முப்பதுல ஏற்கனவே கூட்டமா இருந்துச்சு. நம்ம லிஃப்ட் தனியா தெரியட்டுமேன்னு...”

“நம்ம லிஃப்ட்டுன்னா?”

அவர் கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். தாழ்வாரக் கோடியில், இந்தக் கட்டடத்தின் லிஃப்ட். அரைமணி முன்பு அவரை ஏற்றிக்கொண்டு வந்தது. தினம் எல்லோரும் ஏறி இறங்குகிறது.

அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவளுடைய நிரலுக்கு முப்பதுதான் தெரியும், முப்பத்தொன்று தெரியாது; நிஜத் தேதிகளின் வரிசையிலும் அதற்கு இடமில்லை. ஆகவே முப்பத்தாறாயிரம் லிஃப்ட்டுகளையும் மாதாமாதம் சோதிக்கிற கம்பெனியின் சொந்த லிஃப்ட் இத்தனை வருடமும் ஒரு பட்டியலிலும் வந்ததில்லை.

“அண்ணே, இதை யாருமே பாக்கலையா?”

“ஏன் பாக்கலை? தினமும் நான் அதுலதானே வர்றேன்! சத்தம் மாறினா எனக்குத் தெரியாதா?”

முதலில் சிரித்தது சதவீதம்தான். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே அவள் அந்த ஒரு பதிவையும் திருத்தி ஏற்றினாள். மறுபடி எண்ணினார்கள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது சதவீதம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “நூறு.” வாழ்க்கையில் இந்த எண்ணைச் சொன்னதே இல்லை என்று பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

மேலாளர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்த பெண்கள் முதல் அழைப்பைப் புதியதில் ஏற்றினார்கள். ஏற்றுக்கொண்டது. கிளம்பும்போது நால்வரும் தாழ்வாரக் கோடிவரை போய் லிஃப்ட் முன்னால் நின்றார்கள். கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை.

“அட, நான் சொல்றேன்ல, ஒண்ணும் ஆகாது” என்றார் தலைமை மெக்கானிக்.

“நாளைக்கு லிஸ்ட்டுல வரும், பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார் மேலாளர். நால்வரும் படியில் இறங்கினார்கள். கடைசியாக வந்தது தலைமை மெக்கானிக்.

மறுநாள் ஏழு பத்துக்கு ரயில் நகர்ந்தது. கணவர் ஜன்னலோரம், மடியில் வாழைப்பழச் சீப்பு. எதிர்ப்பாதையில் ஒரு ரயில் வந்ததும் அவர் கால் தரையை மிதித்தது. அவள் பார்த்துவிட்டதைப் பார்த்து, காலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எட்டரைக்குப் போன் அடித்தது. அலுவலக எண். கணவர் உரித்த பழத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அக்கா” என்றார் சதவீதம், மூச்சு வாங்க. “லிஸ்ட் வந்துடுச்சு. முதல் வரியே நம்ம லிஃப்ட். அண்ணன் உள்ள இறங்கிப் பாத்துட்டிருக்கார். கம்பெனி மொத்தமும் படியேறுது. எல்லாரும் உங்களைத்தான் நெனச்சுக்கறாங்க.”

“திட்டறாங்களா?”

“எழுபது சதவீதம்” என்றார். “அப்புறம் ஒண்ணு. அந்த ரூமைக் காலி பண்ண ஆள் வந்திருக்காங்க. சாவி எங்கேக்கா?”

அவள் பைக்குள் கையை விட்டாள். சாவி குளிர்ச்சியாக விரலில் தட்டியது. சொல்ல வாயெடுப்பதற்குள் ரயில் மலைக்குள் புகுந்தது. ஜன்னல் இருண்டு, போன் ஊமையாகிவிட்டது. வெளிச்சம் திரும்பியபோதும் திரையில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இருபுறமும் பச்சை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அவசரமா?” என்றார் கணவர்.

“பூட்டை உடைச்சுக்குவாங்க” என்றாள்.

போனைப் பைக்குள் போட்டாள். பையைத் தோளிலிருந்து இறக்கி, எழுந்து, எட்டாத மேல்தட்டில் எக்கித் தள்ளிவைத்துவிட்டு, பழத்துக்குக் கை நீட்டினாள்.