அழைப்பிதழில் ஏறிய கேலப்

வால்டர் நியூ ஜெர்சியில் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு அவருக்கு ஒரே பிடிப்பு, தன் வம்சத்து முன்னோரைத் தேடுவது. எந்தத் தாத்தா எந்தக் கல்லறையில் படுத்திருக்கிறார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் யாரும் கேட்டதில்லை, மகள் ஹன்னா உட்பட.

முதன்முதலில் கேட்டவன், ஹன்னாவைக் கட்டிக்கொள்ளப்போகும் ரஞ்சித்குமார். ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கும் பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன்.

"கல்யாணப் பத்திரிகையில போட உங்க வீட்டுப் பெரியவங்க பேரு வேணும் மாமா."

அவன் கேட்டது ஹன்னாவின் தாத்தா பாட்டி பெயரை. வால்டருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவை இங்கிலாந்து ராஜா ஆண்ட காலம்வரை பின்னால் போய், வெள்ளி வேலை செய்த மூதாதை கேலப்பின் பெயரை எடுத்துக் கொடுத்தார். ஊரில் பீற்றிக்கொள்ளலாமே என்று ரஞ்சித்தும் அதையே போட்டுவிட்டான். பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, முதல் பிரதி குலதெய்வத்தின் காலடிக்கும் போய்விட்டது.

அடுத்த வாரம் நூலகத்தில் ஒரு பழைய செய்தித்தாளில் வால்டர் கேலப்பின் பெயரைப் பார்த்தார். வெள்ளியில் பூ செதுக்கிய அந்தக் கை, கள்ள நோட்டுக்கு அச்சுத் தகடும் செதுக்கியதாம். கைதான கேலப், விசாரணைக்கு முன்பே சிறையிலிருந்து தப்பிவிட்டாராம்.

ரஞ்சித் வீட்டார் குடும்பம் விசாரித்துப் பெண் எடுக்கிறவர்கள் ஆயிற்றே. தெரிந்தால் ஹன்னாவின் கல்யாணம் நின்றுவிடுமோ? மறைத்தால் அது நிலைக்குமா?

நிச்சயத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"என்றா சொல்றாரு? மூஞ்சியெல்லாம் வெளிறிக் கெடக்குது?" என்று கேட்டாள், ஊரிலிருந்து வந்திருந்த ரஞ்சித்தின் அம்மா ராமாத்தாள்.

ரஞ்சித் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான். அவள் சற்று யோசித்தாள்.

"அப்ப இங்க யாரோட ஆட்சி?"

"இங்கிலாந்து ராஜாவோடதும்மா."

"அவனுக்கா டிமிக்கி குடுத்தாரு? அப்ப நம்மூட்டு ஆளுதான்டா!"

கூடமே சிரித்தது. வால்டர் மட்டும் திருதிருவென்று விழித்தார்.

"அம்மா உங்க கேலப்ப சொந்தத்துல சேத்துட்டாங்க மாமா."

"பேரை எடுத்துட்டு வேற பத்திரிகை அடிக்கலாம். செலவு என்னுது" என்றார் வால்டர், இன்னும் மனசு ஆறாமல். ரஞ்சித் அதையும் அம்மாவிடம் சொன்னான்.

"சாமிகிட்ட வெச்சதுக்கப்புறம் மாத்தறதா? போச்சாது, விடச் சொல்லு" என்ற ராமாத்தாள் சிரித்தாள். "அதுவுமில்லாம, மறுபடியும் அச்சடிக்கறதா? அவிய வம்சத்துக்கு அந்த வேலையே வேண்டாம்னு சொல்லுடா!"

இதை ரஞ்சித் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது, அன்று முதல்முறையாக வால்டர் மூச்சுவிட்டுச் சிரித்தார்.

தட்டு மாற்றினார்கள். ரஞ்சித் சொல்லிக்கொடுத்தபடி வால்டர் வெற்றிலைமேல் நூறு டாலர் தாளொன்று வைத்திருந்தார். ராமாத்தாள் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"பேங்க்ல எடுத்தது" என்றார் வால்டர் ஆங்கிலத்தில். பிறகு, ஒரு மாதமாகக் கண்ணாடி முன் பழகிய ஒரே தமிழ்ச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார்: "சம்பந்தி!"