தோணிபோலக் கட்டிய அறை

தந்தி என்றதும், யாருடையது என்று பார்க்கும் முன்பே அம்மா அழத் தொடங்கிவிட்டார். பள்ளி விடுமுறைக்குக் கிளிவெட்டிக்கு வந்திருந்த எனக்கு, செல்வமணி டீச்சர் காலமான செய்தியை அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். மூதூரில் லோஞ்சுப் படகு பிடித்துத் திருகோணமலைக்குப் போனேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் பெற்றுத் திருகோணமலைக்குப் படிப்பிக்க வந்தபோது, தன் வீட்டிலேயே எனக்குத் தங்க இடம் தந்தவர் அவர். ஆசிரியர் அறையில் நான் வாய் திறப்பதில்லை, அவர் மூடுவதில்லை. அவரோடு படிப்பித்த உங்களுக்கு இது தெரியும்.

துறைமுகத்தருகே இருந்த அவருடைய வீடு மிகப் பழையது. மரத்தூண்களும் விட்டங்களும் தாங்கி நிற்க, இடையில் மண்ணும் சுண்ணாம்பும் அப்பிய சுவர்கள். தூண்களின் அடியைக் கறையான் அரித்திருந்தது. வீட்டில் பாதி உரிமையுள்ள கொழும்புத் தம்பி, இடித்துவிட்டுக் கல்வீடு கட்டவேண்டும் என்று நின்றார்.

"கறையான் காலைத்தான் திண்டது. தலைக்கு ஒண்டும் இல்லை" என்றார் டீச்சர்.

கார்த்திகையில் வந்து பார்த்து முடிவு சொல்வதாகத் தம்பி அறிவித்துவிட்டார்.

அதற்குள் வீட்டைத் திருத்தத் தச்சர் அகப்படவில்லை. டீச்சர் கிண்ணியாவிலிருந்து தோணி கட்டும் ஓடாவியார் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் தூண்களின் உளுத்த அடியை வெட்டி, முதிரை மரக் கட்டை பொருத்தினார். பின்பக்கத்தில் நான் தங்கப் பலகைச் சுவரோடு ஒரு புதிய அறையும் சேர்த்தார். பழக்கதோஷத்தில் இடுக்குகளிலெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் திணித்தார். வாசலின் அடியிலும் முழங்கால் உயரத்துக்குப் பலகை அடைத்தார்.

தம்பி வந்த அன்று பெருமழை. கூரை முடியாத மூலையால் இறங்கிய தண்ணீர், வெளியேற வழியின்றிப் புதிய அறையில் கணுக்கால் அளவுக்கு நின்றது.

"அக்கா, இது வீடோ, தோணியோ?"

"தோணியெண்டால் தண்ணி வெளியிலை நிக்கும். இது உள்ளுக்கை எடுத்து வைச்சிருக்கு" என்று டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை.

"அடிப்பலகையிலை ஒரு ஓட்டை போடுங்கோ, ஓடாவியார்" என்றார் டீச்சர்.

"ஓட்டைய அடைக்கிறதுதான் எங்கட தொழில், டீச்சர். போட எனக்குக் கை வராது."

டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு, அவருடைய துறப்பணத்தை வாங்கித் தானே துளைத்தார். தண்ணீர் சீறிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தது.

தம்பி குடையோடு சுவரைச் சுற்றி வந்தார். புதிய கட்டைகளைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"அக்கா போட்ட ஓட்டையைத் தவிர, ஒரு இடத்திலையும் ஒழுகேல்லை" என்றார். "சரி, இடிக்கேல்லை. முதல்ல கூரையை முடியுங்கோ."

இப்போது டீச்சரின் செத்தவீட்டில் தம்பி என்னிடம் வந்து, "அந்த அறையிலை நீங்கள் இருங்கோ, தங்கச்சி. வீடு நிக்கும்" என்றார்.

அறை அவர்கள் தந்தது. நானாக எடுத்துக்கொண்டது, பிழை நடந்த இடத்தில் மற்றவர்களுக்கு முன்பே சிரித்துவிடும் டீச்சரின் பழக்கம். பள்ளி தொடங்கிய அன்று கரும்பலகையில் கணக்கைத் தவறாகப் போட்டேன். முன்வரிசைப் பிள்ளை எழும்பிச் சொன்னாள். நான் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. பிறகு எல்லோருமாகக் கணக்கைச் சரியாகச் செய்தோம்.