வேலியில் ஒரு பொட்டு

புதிதாக அடைத்த வேலியிலிருந்து வருகிற பனையோலை மணம் ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கு மட்டும் அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஏனோ அழுகை வரும். சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்கும் றெஜினா அக்கா வீட்டுக்கும் நடுவே நின்ற வேலியில், கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு ‘பொட்டு’ இருந்தது. நெற்றியில் வைக்கிற பொட்டில்லை. ஒருவர் குனிந்து புகுந்து போகிற அளவுக்கு வேலி ஓலையில் விட்டிருக்கும் ஓட்டையையும் எங்கள் பக்கத்தில் பொட்டு என்றுதான் சொல்வோம்.

அப்பாவும் மூன்று அண்ணன்மாரும் தெற்கே சிங்கள ஊரொன்றில் கடையில் இருந்தார்கள். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். றெஜினா அக்கா என்னிலும் நாலைந்து வயது மூத்தவர், தாயில்லாதவர், தகப்பன் கடற்றொழிலுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்காது. பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப்பையை எறிந்துவிட்டு நான் பொட்டுக்குள்ளால் புகுந்தால் விளக்கு வைக்கிற நேரம்தான் திரும்புவேன். தலை இழுத்துப் பின்னிவிட்டதும் கணக்குப் பிழைத்தால் குட்டியதும் அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் என்னைக் குசினிக்குள் விடமாட்டார். “மீன் பொரிக்கிறன், வெளியிலை இரும். உம்மடை அம்மா பிறகு என்னைத்தான் பேசுவா” என்பார். பெண் சகோதரம் இல்லாதவள் என்று என்னைப் பார்த்து யாராவது இரங்கினால் எனக்குச் சிரிப்பு வரும்.

நான் பெரியபிள்ளையான வருடம் அது நின்றது. சாமத்திய வீடு முடிந்த கையோடு வேலி அடைப்பும் வந்தது. அடைக்க வந்தவர்களிடம் அம்மா கிணற்றடியைக் காட்டி அந்த இடத்தையும் சேர்த்து அடைக்கச் சொன்னா. “இனிப் பொட்டுக்குள்ளாலை பூர்ந்து திரியேலாது. போறதெண்டால் றோட்டாலை போ” என்றா. றோட்டால் தனியே போகவும் விடமாட்டா என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்க வேலி எங்களுடையது, அதில் ஓர் ஓலையைக்கூட றெஜினா அக்கா தொட முடியாது. அவர்கள் பக்கத்துக் கிணற்றில் அவர் வாளி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் இந்தப் பக்கம் நிற்பேன். கூப்பிட வெட்கமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூட வாசிகசாலையில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடைத்தது. அக்காவும் தங்கையுமாய் வளர்கிற இரண்டு பிள்ளைகளின் கதை. அக்கா கலியாணம் முடித்துப் போன அன்று தங்கைக்காரி சொல்கிறாள்: “அக்கா போன பின் நான் பொட்டில்லாமல் இருந்தேன்.” அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். இவளுக்கும் அடைத்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

படித்த கதையில் பிடித்த ஒரு வசனத்துக்கு விளக்கம் எழுதும்படி தமிழ் ரீச்சர் சொன்னபோது நான் அதைத்தான் எழுதினேன். தங்கை என்பவள் வேலிக்குள் இருக்கிறவள், அக்கா அந்த வேலியில் உள்ள பொட்டு, அது அடைபட்டால் பிறகு போக வர வழியில்லை என்று பக்கம் நிறைய எழுதினேன். ரீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்ட, பிள்ளைகள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். “இது நெத்திப் பொட்டு, பிள்ளை. முகம் வெறுமையாய்ப் போச்சுது எண்டு அர்த்தம். எழுதினவர் இந்தியாக்காரர், அவருக்கு உம்மடை வேலி தெரியாது” என்று ரீச்சரும் சிரித்தா. எனக்குக் கோபம் வந்தது. றெஜினா அக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், ஒருநாளும் பொட்டு வைத்ததில்லை; அவர் முகம் வெறுமையாக இருந்ததை நான் கண்டதுமில்லை. பொட்டில்லாத நெற்றியில் என்ன துக்கம் இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவேயில்லை.

கோயிலடியில் ரீச்சர் சிரித்துச் சிரித்து அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறா. வீட்டுக்கு வந்த அம்மா, “பள்ளிக்கூடத்திலை என்ன எழுதினனீ?” என்று கேட்டா. பயந்து பயந்து முழுவதையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. மடத்துவெளி என்ற ஊரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவ அவ. அங்கே தனக்கும் ஓர் அக்கா இருப்பதை வாய்திறந்து சொன்னதேயில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த நாள் பின்னேரம் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், வேலிக் கட்டுகளைத் தானே அறுத்து ஓலையை விலக்கினா.

“அந்தப் பிள்ளையும் தனியத்தானே இருக்குது” என்றா. பிறகு, “குனிஞ்சு போ, சட்டை கொழுவும்.”

அந்தப் பக்கம் றெஜினா அக்கா வாளியைப் பிடித்தபடி நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்ட பிறகுதான், ஒரு பக்கம் முழுக்க என் தனிமையைப் பற்றியே எழுதியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. நாவலாசிரியர் நினைத்த அர்த்தம் ரீச்சர் சொன்னதுதான், அதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த நாவலை ஒரு வரிகூடப் படிக்காத என் அம்மாவைப்போல அந்த வசனத்தை விளங்கிக்கொண்டவர் வேறெவரும் இல்லை என்றே சொல்வேன். பொட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருப்பதை அவதான் கண்டா.

பிறகு யுத்தமும் இடப்பெயர்வும் வந்தன. நான் எங்கெங்கோ இருந்துவிட்டு, கணவர் போன பின் ஊருக்கே திரும்பினேன். அம்மாவும் இல்லை, ஓலை வேலியும் இல்லை. வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய காசில் வளவைச் சுற்றி ஆளுயர மதில் நிற்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் றெஜினா அக்கா இருக்கிறார், இப்போதும் தனியே. என்னைப் பார்க்க வருவதென்றால் ஒழுங்கை முழுவதும் சுற்றி, வெயிலில் தடியூன்றி நடந்து வருவார்.

போன மாதம் மேசன் ஒருவரைக் கூட்டிவந்து, கிணற்றடியில் மதிலை உடைத்துப் பொட்டு வைக்க வேண்டும் என்றேன். இளம் பெடியன், பொட்டென்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. கையால் காட்டிய பிறகு, “ஓ, சின்னக் கேற்றோ? எவ்வளவு உயரம் வைக்க, அன்ரி?” என்று கேட்டார்.

“குனிஞ்சு போற அளவு காணும்” என்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “குனியவோ? எனக்கு முழங்கால் ஏலாது. நிமிர்ந்து வாற மாதிரி வைக்கச் சொல்லும்.”